வாசலில் தொங்கிய கட்டுரைகள்

சுனாமிக்குப் பிந்திய மாதங்களில், கல்முனையில் இணைய வசதியுள்ள ஒரு கொமினிகேசன் கடைக்கு அடிக்கடி போவேன். விவசாயப் போதனாசிரியையான எனக்குக் கடல்நீர் புகுந்த வயல்களைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது. கடைக்காரர் வெள்ளைத் தொப்பி போட்ட பருத்த மனிதர். அவருடைய சட்டைப் பையில் பேனா இருக்காது. உடுப்புக் காயவிடும் கிளிப்புகள்தான் நிறைந்திருக்கும்.

எல்லாரும் இலவசமாக வாசிக்கலாம் என்று இணையத்தில் விட்டிருக்கும் ஆராய்ச்சிக் கட்டுரையை யார் அச்செடுத்தாலும், தன் செலவில் இன்னொரு பிரதி எடுத்து, வாசலில் கொடிபோலக் கட்டிய தங்கூசி நூலில் தொங்கவிடுவார். வயலின் உப்பைக் கழுவுவது பற்றி நான் அச்செடுத்ததும் தொங்கியது.

"காக்கா, இதை இஞ்ச ஆர் வாசிக்கப் போறாங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"எழுதின ஆக்களே சும்மா தந்திரிக்காங்க மிஸ். நாம என்னத்துக்குப் பூட்டி வைக்கிற?"

மழைக்குக் காத்திராமல், கிணற்று நீரை நன்றாக இறைத்து வயலின் உப்பைக் கழுவும்படி நிந்தவூர் விவசாயிகளிடம் சொல்ல முடிவெடுத்திருந்தேன். சொல்லப் போகிற வழியில் கடைக்குள் ஏறினேன். என் கட்டுரைக்குப் பக்கத்தில், கிணறுகளைத் துப்புரவாக்க வந்த பொறியியலாளர் ஒருவர் அச்செடுத்த கட்டுரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கரையோரக் கிணற்றை அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும் என்றது அது. மண்ணைப் படித்த நான் கிணற்றைப் படித்திருக்கவில்லை.

"வேணுமெண்டுதான் பக்கத்தில போட்டீங்களா காக்கா?"

"அதிலதான் இடம் கிடந்திச்சி மிஸ்" என்று சிரித்தார்.

தங்கூசியில் அரைவாசி வெறுமையாகவே கிடந்தது.