ஸ்டெக்கர் அதிகாரியும் பிலிப்பைன்ஸ் கோழியும்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்படக் கூடாது பாருங்கள். அதுவும் சும்மா மடையன் இல்லை, பதவியில் இருந்த மடையன். ஹம்பேர்க்கில் எங்கள் வீட்டின் ஸ்டெக்கர் அதிகாரி நான்தான்.

ஸ்டெக்கர் என்றால் சுவரில் செருகுகிற மின்சாரப் பிளக். பக்கத்துக் கட்டடத்தில் யாரோ கோப்பி இயந்திரத்தைக் கழற்றாமல் வெளியே போய், தீயணைப்பு வண்டிகள் வந்து, அந்த வீட்டுச் சமையலறை கரியாகிப் போனதை அப்பா சன்னலில் நின்று பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். எல்லோரும் வெளியே போவதென்றால் எல்லா ஸ்டெக்கரும் கழற்றப்பட வேண்டும். சுவர்த் துளைகளில் பெரும்பாலானவை தரையோடு ஒட்டி இருந்தன. வீட்டில் தரைக்கு மிக அருகில் இருந்தவன் நான். அப்படித்தான் பதவி வந்தது. திறமைக்காகக் கிடைத்தது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

மற்றவர்கள் சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க, நான் அறை அறையாகப் போவேன். தொலைக்காட்சி, இஸ்திரிப்பெட்டி, ரைஸ் குக்கர், சாமித் தட்டில் எரியும் சின்ன விளக்கு. முருகனுக்கும் சலுகை கிடையாது. குளிர்சாதனப் பெட்டி மட்டும் என் ஆட்சிக்கு வெளியே இருந்தது. பதவியேற்ற புதிதில் அதையும் கழற்றி, அம்மா சேர்த்து வைத்திருந்த மீனையெல்லாம் ஒழுகவிட்ட பிறகு வந்த சட்டத் திருத்தம் அது.

அந்தக் காலத்தில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்தார். துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. ஊரிலிருந்து அவரை இங்கே எடுப்பித்தது அம்மாதான், எனவே கலியாணம் கட்டிவைக்கிற பொறுப்பும் தனக்கே என்று அம்மா நினைத்தார். கனடாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் சாதகங்கள் வந்தன. மாமா ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தார். ஒரு பெண்ணுக்கு மூக்குச் சரியில்லை என்றார். மாமாவின் மூக்கை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வதற்கே தனித் துணிச்சல் வேண்டும். கடைசியில்தான் சங்கதி வெளியே வந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருக்கும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணை அவர் கட்ட விரும்பினார். அக்கா சம்மதிக்காவிட்டால் கட்டமாட்டேன் என்றார். வேறு யாரையும் கட்டமாட்டேன் என்பதையும் அதே மூச்சில் சொல்லி வைத்தார்.

அதன்பிறகு சில நாட்கள் அம்மா பாத்திரங்களோடு மட்டுமே பேசினார், அதுவும் சத்தமாக. பிறகு ஒருநாள் மாமாவைப் பார்க்காமலே சொன்னார்: "ஒருக்கா வந்து சாப்பிடட்டும். ஆளைப் பாத்திட்டு என்ர முடிவைச் சொல்லுறன். ஆனா நான் சமைக்க மாட்டன்."

"அவவே சமைப்பா அக்கா," என்றார் மாமா, அவசரமாக.

தாதி இருந்தது விடுதி அறை, பொதுச் சமையலறை. கறி நிறைந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு எஸ்-பான் ரயிலில் வருவதும் நடக்கிற காரியமில்லை. எனவே ஒரு சனிக்கிழமை, வேலைக்குப் போகிற வழியில், ஒரு கனத்த பையோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். பைக்குள் முட்டை வடிவத்தில் ஒரு மின்சாரச் சட்டி. ஸ்லோ குக்கர் என்றார். கப்பலில் வேலை செய்யும் அவருடைய தம்பி இங்கிலாந்தில் வாங்கி வந்ததாம். அதன் ஸ்டெக்கர் ஜெர்மன் சுவருக்குப் பொருந்தாமல், ஒரு தடித்த இடைச்செருகியின் உதவியோடு கோணலாகத் தொங்கியது. எனக்கு அப்போதே அதில் சந்தேகம்.

அவர் கோழித் துண்டுகளை அடுக்கினார். தட்டிய உள்ளி, முழு மிளகு, ஏதோ காய்ந்த இலை. பிறகு சோயாவும் வினாகிரியும் ஊற்றி மூடினார். இதற்குப் பெயர் அடோபோ என்றார். வீட்டில் நன்றாக ஜெர்மன் பேசுகிறவன் நான் என்பதால் கட்டளைகள் எனக்கே வந்தன. மூடியைத் திறக்கக் கூடாது. கிளறக் கூடாது. பின்னேரம் தான் திரும்பி வரும்வரை சட்டியைத் தொடவே கூடாது. நான் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

அவர் போனதும் அம்மா அந்தச் சட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"உதென்னடா, கொதிக்கவும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. தூளும் போடேல்லை. சோம்பேறிச் சட்டி."

"தொடக் கூடாதெண்டு சொன்னவ அம்மா."

"ஆர் தொட்டது?"

சற்று நேரத்தில் நானும் அம்மாவும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டோம். அப்பா உணவகத்தில் வேலை, மாமா களஞ்சியத்தில். வீடு காலி. காலியான வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா படிக்கட்டில் இறங்கத் தொடங்கிவிட்டார். நான் என் சுற்றை முடித்து, சமையலறையில் கதிரை போட்டு ஏறி, கோணலாகத் தொங்கிய அந்த ஆபத்தையும் பிடுங்கினேன். சத்தியத்தை மீறவில்லை. சட்டியை நான் தொடவில்லை, சுவரைத்தான் தொட்டேன்.

பின்னேரம் நாங்கள் வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் மாமாவும் தாதியும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். மாமா புதுச் சேட்டு போட்டிருந்தார். தலையில் ஏதோ பூசி வாரியிருந்தார். தாதி நேராகச் சமையலறைக்குப் போய் மூடியைத் திறந்தார். அப்பாவின் இன்னொரு சட்டப்படி, வீட்டைச் சூடாக்கும் ஹைட்சுங்கையும் நிறுத்தியிருந்ததால் சமையலறையே ஒரு குளிர்சாதனப் பெட்டி போல இருந்தது. சட்டிக்குள் கோழி வெளிறிப்போய், மண்ணிறத் தண்ணீரில், காலையில் குளிக்க இறங்கி ஏற மனமில்லாத ஆட்களைப் போலக் கிடந்தது.

மாமா சுவரைப் பார்த்தார். தொங்குகிற வயரைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, விருப்பமில்லையெண்டால் என்ர முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாமே."

அம்மா தன் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். நான் முன்னால் வந்து நின்றேன். பாராட்டு வரப்போகிறது என்ற நம்பிக்கையில்.

"நான்தான் கழட்டினனான் மாமா!"

"உதை அம்மாவே சொல்லித் தந்தவ?"

"இல்லை. அப்பா."

"ஓகோ! அத்தானும் சேர்ந்துதானோ?"

மாமா பல்கனிக் கதவைத் திறந்து வெளியே போய், கோட்டில்லாமல், குளிரில், எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குள்ளால் பார்க்க, தலையில் பூசியது மட்டும் பளபளத்தது.

தாதி என்னிடம் குனிந்து, என்ன நடந்தது என்று கேட்டார். நான் நேர்மையான மொழிபெயர்ப்பாளன். "அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் சேர்ந்து உங்கள் கோழியைக் கெடுத்துவிட்டோம் என்று மாமா சொல்கிறார்," என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்து, இது பயம் என்று எண்ணி, தைரியம் கொடுப்பதற்காகத் தீயணைப்பு வண்டியிலிருந்து தொடங்கிக் கோப்பி இயந்திரம், மீன், முருகன் என்று முழுச் சட்டத்தையும் விளக்கினேன். பாதியில் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தானும் முதியோர் இல்லத்தில் இதே வேலையைத்தான் செய்கிறாராம். கிழவிகளின் கெட்டில்களை அறை அறையாகப் போய்க் கழற்றுகிறாராம். நாங்கள் இருவரும் ஒரே துறை. எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று.

அவர் கோழியை முகர்ந்து பார்த்தார். வினாகிரியில், குளிரில் கிடந்ததால் பழுதில்லை, அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டால் சரி என்றார். பெரிய சட்டி ஒன்று வேண்டும். அம்மா அசையாமல் நின்றதால், தானே மேல் அலுமாரியைத் திறந்தார்.

அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. அது வெள்ளிக்கிழமைச் சட்டி. மச்சம் மாமிசம் ஒருநாளும் படாதது. வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் மட்டும் இறங்கி, மரக்கறி சமைத்து, கழுவித் துடைத்து, துணியால் மூடித் திரும்ப மேலே போவது. அதன் அகப்பைகூட வேறு. அப்பா ஒருமுறை முட்டை அவிப்பதற்காக அதைக் கீழே இறக்கியதற்கே, முட்டை உள்ளே போக முன்னரே, அம்மா வீட்டைத் தலைகீழாக்கியிருந்தார். மச்சச் சட்டி அடுப்புக்குக் கீழே, கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

தாதி துணியை எடுத்துவிட்டு, "எடுக்கலாமா?" என்று ஜெர்மனில் அம்மாவைக் கேட்டார்.

"அம்மா, உது..." என்று தொடங்கினேன்.

"வாயை மூடு," என்றார் அம்மா. பிறகு தாதியைப் பார்த்து, தன்னிடமிருந்த ஜெர்மனில் பாதியைச் செலவழித்தார்: "யா, யா. குட்."

கோழி உள்ளே விழுந்தது. கூரை இடியும் என்று காத்திருந்தேன். இடியவில்லை. அம்மா தானே போய் அடுப்பை மூட்டினார். வீடு முழுவதும் புளிப்பும் உள்ளியும் மணத்தது. ஒருவருடைய ஜெர்மனில் வினைச்சொல்லே இல்லை, மற்றவருடைய ஜெர்மனில் வினைச்சொல் மட்டும்; இருவரும் சட்டிக்குமேல் தலையைக் குனிந்து என்னவோ கதைத்தார்கள். ஒருகட்டத்தில் அம்மாவின் கை, பழக்கதோஷத்தால், தூள் போத்தலுக்குப் போனது. தாதி சட்டிக்குமேல் உள்ளங்கையை விரித்து மறித்து, "நைன்" என்றார். அம்மாவின் கையைச் சமையலறையில் மறித்த முதல் மனிதப்பிறவி. அம்மா அவரை ஒருகணம் உற்றுப் பார்த்தார். பிறகு போத்தலைத் திரும்ப வைத்தார்.

"போய் மாமாவைக் கூப்பிடு," என்றார் என்னிடம். "விறைச்சுச் சாகப்போறான் விசரன்."

சாப்பிடும்போது மாமா கோழியைப் பார்க்கவில்லை, அம்மாவின் வாயைத்தான் பார்த்தார். அம்மா ஒரு எலும்பை நிதானமாக உறிஞ்சினார். இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டுக்கொண்டார். சோற்றை வழித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அடுத்த சனி நான் சமைக்கிறன். அவவை வரச்சொல்லு. பிறகும் வரட்டும்."

மாமாவுக்குப் புரைக்கேறியது. தாதி அவருடைய தலையில் தட்டினார். பூசியிருந்தது அவர் கையில் ஒட்டிக்கொண்டது.

எனக்கு அதிலெல்லாம் கவனம் இல்லை. என்னை வாட்டியது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. செய்யாத குற்றத்தைச் சொந்தத் தம்பி தன்மேல் போட்டபோது அம்மா ஏன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை? காலையில் அந்தச் சட்டிக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்றபோது அவருக்குள் என்னென்ன எண்ணம் வந்து போயிருக்கும் என்று யோசிக்க எனக்கு இன்னும் பல வருடங்கள் தேவைப்பட்டன. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மச்சச் சட்டி கீழே சும்மா இருக்க, பெரிய விதி ஒன்று என் கண்முன்னால் உடைக்கப்பட்டது, அதற்குத் தண்டனையும் இல்லை என்பதுதான்.

அவர்கள் போன பிறகு அம்மா அந்தச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரியிடம் கேட்கிற குரலில் கேட்டேன்:

"அம்மா, இனி வெள்ளிக்கிழமைக்கு எதில சமைக்கிறது?"

"புதுசு வாங்குவம்."