டீசல் விலை அத்தையின் கையில் இருந்தது

எனக்கு ஒன்பது வயதானபோது, டீசல் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் என் அத்தைதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தெரிந்துகொண்டதல்ல, கண்ணால் கண்டது. கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய பெட்ரோல் பம்பில் அத்தை வேலை பார்த்தாள். விடிகாலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, பலகையில் தொங்கிய தகர எண்களைக் கழற்றி வேறு எண்களை மாட்டுவாள். அன்று முழுவதும் ஊரே அந்த விலைக்குத்தான் எண்ணெய் வாங்கும். இதைவிடப் பெரிய அதிகாரம் உள்ளவர்களை நான் பார்த்ததில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையால்கூட மணி அடிக்கத்தான் உத்தரவு போட முடியும்.

அத்தை அப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கை. மாமாவுக்கு வேலை போனதும் அவள் பம்பில் சேர்ந்தாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து, அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “நம்ம வீட்டுப் பொம்பள தொப்பியும் போட்டுக்கிட்டு ரோட்டுல நின்னு கண்டவனுக்கும் எண்ணெ அடிக்கணுமா?”

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு போனவள் அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. அப்பாவிடம் ஒரு டெம்போ இருந்தது. சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை ஏற்றி ஊரெல்லாம் இறக்குவார். பக்கத்திலேயே பம்ப் இருக்க, அத்தை முகத்தில் விழிக்கக்கூடாது என்று சுற்றிக்கொண்டு போய் வேறு பம்பில் டீசல் போடுவார். அந்தச் சுற்றுக்கு எவ்வளவு டீசல் செலவாகும் என்று கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் விலை ஏறத் தொடங்கியது. தினமும் ஏறியது. சாப்பிட உட்கார்ந்தால் அப்பா அதைத்தான் பேசுவார். கடைக்காரர்கள் வாடகையைக் கூட்டித் தர மாட்டேன் என்கிறார்கள், வண்டி ஓடினால் நஷ்டம், நின்றால் பட்டினி என்பார். கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைவேன். எனக்குக் காரணம் தெரியும், சொல்லத்தான் பயம். அத்தைக்கு அப்பாமேல் கோபம் தீரவில்லை. அதனால் காலையில் எழுந்ததும் ஒரு எண்ணைக் கூட்டி மாட்டிவிடுகிறாள். ஒருவர் மேலுள்ள கோபத்துக்கு ஊர் முழுவதையும் தண்டிக்கிறாளே என்று வருத்தமாக இருந்தாலும், அவளை நினைத்து வியக்காமலும் இருக்க முடியவில்லை.

ஒருநாள் அப்பா டெம்போவை விற்கப் போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அம்மா வண்டி கைவிட்டுப் போகக்கூடாது என்று பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். மறுநாள் விடியற்காலையில் என்னைக் குளிப்பாட்டி, கையில் ஒரு தேங்காயைக் கொடுத்து, போய் உடைத்துவிட்டு வா என்று அனுப்பினாள். கடைத்தெரு வழியெல்லாம் தெரிந்தவர்கள்தான், தனியாகப் போகப் பயமில்லை.

தெருமுனைவரை ஒழுங்காகத்தான் போனேன். அங்கே நின்று யோசித்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்று அம்மாவே அடிக்கடி சொல்வாள். கணபதி மனமிரங்கினாலும் ஸ்டூலில் ஏறி எண்ணை மாட்டப்போவது அத்தை. நான் எதிர்ப்பக்கம் திரும்பிப் பம்பைப் பார்த்து நடந்தேன்.

அத்தை பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் தேங்காயை அவள் காலடியில் வைத்தேன்.

“அத்தே, அப்பாக்க மேல உள்ள கோவத்த விட்டுருங்கோ. டீசல் வெலைய ஏத்தாதீங்கோ. அப்பா வண்டிய விக்கப் போறாரு.”

அத்தை என்னையும் தேங்காயையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. கடைசிச் சொல் காதில் ஏறியதும் அது நின்றுவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து என்னை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

“நானா மக்களே ஏத்துதேன்? எனக்கு அம்புட்டு பவர் இருந்தா இங்க எதுக்கு வந்து நிக்கேன்?”

பிறகு தனக்குத் தெரிந்ததை எனக்குப் புரியும்படி சொன்னாள். கடலுக்கு அப்பால் மண்ணுக்கு அடியிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். அவர்கள் எடுப்பதைக் குறைத்தால் இங்கே விலை ஏறும். எங்கோ சண்டை மூண்டு கப்பல் வழியில் நின்றாலும் ஏறும். நம் ரூபாய் டாலரிடம் தோற்றாலும் ஏறும். ஏதோ ஒரு தேசத்தில் தொழிற்சாலைகள் சோர்ந்து எண்ணெய் வாங்க ஆளில்லை என்றால் இறங்கும். இதற்கெல்லாம் மேலே டெல்லி ஒரு வரி போடும், இங்குள்ள சர்க்கார் ஒரு வரி போடும். எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு எண்ணாகி, காலை ஆறு மணிக்கு மேனேஜரின் போனில் வந்து விழும். நாடு முழுவதும் அந்த நேரத்தில்தான் எண் மாறும்.

எனக்கு மெய் சிலிர்த்தது. நான் அத்தையைக் குறைவாக மதிப்பிட்டிருந்தேன். கப்பலும் பாலைவனமும் டாலரும் டெல்லியும் இரவெல்லாம் கூடிப் பேசி, விடிந்ததும் கிள்ளிப்பாலத்தில் என் அத்தைக்கல்லவா தகவல் சொல்கின்றன! இன்றைக்கு அந்த எண் என் போனிலேயே வருகிறது. அது எப்படி உண்டாகிறது என்று படித்தும் இருக்கிறேன். ஆனாலும் ஏதோ ஒரு கடலில் நின்றுபோன கப்பல் எங்கள் தெருவில் அரிசி மூட்டை ஏற்றும் மனிதனைத் தேடி வந்து தொடுகிறதே என்ற பிரமிப்பு மட்டும் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆறு மணிக்கு மேனேஜர் அலுவலக அறை வாசலில் வந்து நின்று எண்ணைச் சொன்னார். டீசல் போட வந்தவர்கள் அத்தனைபேரும் தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்த்தார்கள். அத்தை கடைசி எண்ணைக் கழற்றி, அதைவிடச் சிறிய எண்ணை மாட்டினாள். சில பைசா குறைந்திருந்தது. நான் கை கூப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா திண்டாடிப்போய் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். அம்மா இருவருக்கும் நடுவில் காப்பியையும் பேச்சையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். நெடுநேரம் கழித்து அப்பாவே கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, என்னைப் படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் விலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை டெம்போ விற்கப்பட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தைதான் நான் கேட்டபடி விலையை இறக்கிவிட்டாளே, அப்பாவுக்கு என்ன அவசரம் என்று கோபம்கூட வந்தது. ஏறியது ரூபாயில், இறங்கியது பைசாவில் என்பதைப் பார்க்கும் கணக்கு அப்போது எனக்குப் பாடத்தில் வரவில்லை.

மறுவாரம் அப்பா பம்பில் வேலைக்குச் சேர்ந்தார். அத்தைதான் மேனேஜரிடம் சொல்லியிருந்தாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. விலையைத் தீர்மானிக்கிறவர்கள் இனி எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர்! வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். நம்பாத இரண்டு தோழிகளைக் காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் கூட்டிக்கொண்டு பம்புக்கே போனேன்.

அப்பா புதுச் சட்டையும் தொப்பியுமாக நின்றார். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் எங்கள் டெம்போ உள்ளே வந்தது. அதை வாங்கியவர் ஓட்டி வந்தார். அப்பா மூடியைத் திறந்து குழாயைச் செருகினார். யாரும் கேட்காமலே முன்கண்ணாடியை ஒரு துணியால் துடைத்தார். நான் தோழிகளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

“அப்பா, இது நம்ம வண்டியாக்கும். இதுக்கு மட்டும் கொறச்சுப் போடுங்கோ.”

வண்டிக்காரர் சிரித்தார். பக்கத்தில் நின்ற அத்தை சட்டென்று அலுவலக அறைக்குள் போய்விட்டாள். அப்பா என் பக்கம் திரும்பாமல், மீட்டரில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டு, “செரி மக்களே” என்றார்.

அவர் குறைத்துப் போட்டுவிட்டார் என்று நம்பி, தோழிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போனேன்.