ஈரத் தரை விசாரணை

பேத்திக்கு இரண்டரை வயது. ஜூனில் விளையாட்டுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். டயபர் கட்டிய குழந்தையைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சேர்க்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. குழந்தை பள்ளிப்பட்டு ஊரிலுள்ள சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும். மகள் காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவள். மாப்பிள்ளை துபாயில். என் முழங்காலை நம்பி எத்தனை நாள் விடுவது என்று மகள் கேட்டது நியாயம்தான். ஆனால் குழந்தை இல்லாத வீட்டில் நான் மட்டும் என்ன செய்வேன் என்று யாரும் கேட்கவில்லை.

சம்பந்தியம்மா தினமும் போன் செய்வார்.

"இன்னாண்ணா, பாப்பா இன்னும் சொல்றதில்லையா? பரவால்ல, இங்க அனுப்பிடுங்க."

அந்தப் 'பரவால்ல' மீது எனக்குச் சந்தேகம்.

குழந்தை உட்கார்ந்து ஒண்ணுக்குப் போக, வாத்து வடிவத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கினேன். பேத்தி அதில் பொம்மையை உட்காரவைத்தாள். மகளுக்கு அந்த வாத்தே பிடிக்கவில்லை. குளியலறையில் மணையில் அமர்ந்து, காலிரண்டையும் நீட்டி, பாதங்களின் மேல் குழந்தையை உட்காரவைத்து 'ஸ்ஸ்ஸ்' என்பாள். கைக்குழந்தையிலிருந்தே அப்படித்தான். வந்துவிடும். பிறகு ரயிலுக்கு ஓடுவாள்.

பதினொரு மணிவாக்கில் சமையலறை வாசலில் தரை ஈரமாக இருக்கும். தினமும் அதே இடம், ஏறக்குறைய அதே நேரம். தாலுகா அலுவலகத்தில் காலமெல்லாம் மனு விசாரித்தவன் நான். இப்படி ஒழுங்காக நடப்பது எதுவும் தற்செயல் அல்ல.

முதலில் மகளைச் சந்தேகித்தேன். ரயில் அவசரத்தில் பாதியில் எழுந்துவிடுகிறாளோ? பிறகு சம்பந்தியம்மாவை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர், குழந்தையின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். கடைசியில் குழந்தையையே. செல்போன் தர மறுத்த கோபமாக இருக்கலாம். வாக்குமூலம் வாங்கினேன்.

"யாரு பண்ணது?"

"பொம்ம."

"பொம்மைக்கு எப்பிடிடி வரும்?"

"வந்துச்சி தாத்தா. நான் பாத்தேன்."

சாட்சியையும் அவளே வைத்திருந்தாள்.

மறுநாள் குக்கரில் சோறு வைத்துவிட்டு, கூடத்தில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நேரடித் தணிக்கையில் இறங்கினேன். அவள் சமையலறை வாசலில் டப்பா உருட்டிக்கொண்டிருந்தாள். விசில் வருவதற்கு முன் குக்கர் 'ஸ்ஸ்ஸ்' என்று ஆவி விடத் தொடங்கியது. டப்பாவை வைத்தாள். எழுந்தாள். கால்களை அகட்டினாள். மேலதிகாரி உத்தரவை நிறைவேற்றும் ஊழியரின் முகத்தோடு காரியத்தை முடித்தாள்.

இரவு மகள் வந்ததும் குக்கர் கதையைச் சொன்னேன். "எல்லாம் உன் வேலைதான்."

"நைனா, பாப்பா சொன்ன பேச்சு கேக்குது. நான் சொன்னாலும் கேக்குது, குக்கர் சொன்னாலும் கேக்குது. நீதான் கொழந்த மேல கேஸ் போட்டுகினு இருக்கற!" சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குக்கரைப் பரணில் ஏற்றினோம். பானையில் சோறு வடித்தேன். மகள் 'ஸ்ஸ்ஸ்' சொல்வதை நிறுத்தினாள். சமையலறை வாசல் காய்ந்தது. ஆனால் பள்ளியில் யார் ஸ்ஸ் சொல்வார்கள்? தானாகச் சொல்ல வேண்டுமே. "வருதா? வருதா?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். "வல்ல" என்பாள். பிறகு சோபாவின் பின்னால் போய் நிற்பாள். நான் போய்ப் பார்ப்பதற்குள் முடிந்திருக்கும்.

சேர்க்கைக்கு அழைத்துப் போனோம். "தானா சொல்லுமா சார்?" என்றார் பள்ளி அம்மா. பொய்யும் ஆகாமல், உண்மையும் ஆகாமல் ஒரு பதிலை நான் மனத்தில் தயாரித்துக்கொண்டிருந்தேன். மகள் தரையைப் பார்த்தாள். அதற்குள் பேத்தி என் மடியிலிருந்து இறங்கி, அந்த அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், ஒண்ணுக்கு வருது."

ஆயா கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். ஜட்டி காய்ந்தே இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிப்பட்டுப் பேச்சு அதோடு நின்றது.

ஆட்டோவில் கேட்டேன். "வீட்டுல ஏண்டி தாத்தாகிட்ட சொல்லல?"

"நீ கேட்டுகினே இருந்த" என்றாள்.

இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. தானே போய்விட்டு வந்து, நான் தரையைப் பார்க்கிறேனா என்று என்னைப் பார்க்கிறாள்.