மூன்று நாள் எங்கேஜ்டு

கலீலுல்லா பாயை அடக்கம் செய்த அன்று வந்தவர்கள், அவர் என்ன வேலை பார்த்தார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஜெனீவாவில் செல்போன் கடை வைத்திருந்தார் என்றார் ஒருவர். ஐ.நா.வில் வயர்மேன் என்றார் இன்னொருவர். பாயின் தம்பி அன்சர் அலுத்துப்போய், "போன் ஆபீசர்னு வெச்சிக்குங்களேன்" என்று முடித்துவிட்டார். அவரோடு கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் நான். அவ்வளவு சுருக்கமாக முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

எந்த நாட்டுப் போனும் எந்த நாட்டுப் போனோடும் பேச வேண்டுமென்றால் இரண்டுக்கும் ஒரே விதி வேண்டும். அந்த விதிகளை எழுத நாடுகள் ஜெனீவாவில் கூடி உட்காருகின்றன. அங்கேதான் அவர் அதிகாரி. கள்ளக்குறிச்சி கடைவீதியில் அவர்களுக்கு இரும்புச் சாமான் கடை. அதனால் அவர் இப்படிச் சொல்வார்: "ஒரு கம்பெனி போல்ட்டுக்கு இன்னொரு கம்பெனி நட்டு சேரலன்னா எங்கப்பாவைத்தான் திட்டுவாங்க. அந்தத் திட்டு வராம பாத்துக்கற வேலைதாங்க என்னுது."

1987இல் அவர் எக்ஸ்சேஞ்சில் டெக்னீசியன். நான் பி.எஸ்சி. முடித்து ஆபரேட்டராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் செப்டம்பரில்தான் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஊருக்கே ராஜாவாகத் திரிந்தார்கள்.

மாயவன் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்காரர். கீழே வந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மனைவி தைலம்மாள் தலைப்பிரசவத்துக்கு உளுந்தூர்பேட்டையில் இருந்த தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வீட்டுக்கு எதிரே ஒரு ரைஸ்மில், அதில் ஒரு போன். மறியல் தொடங்கிய வியாழக்கிழமையே மாயவன் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து நின்றார். நான் எண்ணைச் சுழற்றினேன். பொய்ங்... பொய்ங்... என்று நிதானமாக ஒரு சத்தம்.

"எங்கேஜ்டா இருக்குங்க" என்றேன்.

"அப்டின்னா இன்னாம்மா?"

"அங்க யாரோ பேசிக்கினு இருக்காங்க."

அவர் முகம் மலர்ந்தது. "பேசிக்கினு இருக்காங்கன்னா எல்லாரும் நல்லா கீறாங்கன்னுதானே?"

நானும் ஆமாம் என்றேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் வந்தார். அதே சத்தம், அதே பதில். சிரித்தபடி போனார்.

ஞாயிற்றுக்கிழமை லைன்மேன் வேடியப்பன் தியாகதுருகம் வரை சைக்கிளில் போய்விட்டு வந்தார். வியாழக்கிழமை சாய்ந்த மரத்தோடு நம் கம்பங்களும் சாய்ந்துவிட்டன என்றார். உளுந்தூர்பேட்டைக்கு லைனே இல்லை. எங்கள் இயந்திரத்துக்குத் தெரிந்ததோ ஒரே சத்தம். அங்கே ஆள் பேசிக்கொண்டிருந்தாலும் பொய்ங், போக வழியே இல்லாவிட்டாலும் பொய்ங். பாய்க்கு அது தெரியும். எனக்குத் தெரியாது. மாயவன் வந்து கேட்டுப் போனது பாய்க்குத் தெரியாது.

அன்றும் வந்து நின்ற மாயவன் அதைக் கேட்ட நிமிஷமே நடக்க ஆரம்பித்தார். மறுநாள் காலை போய்ச் சேர்ந்தார். ஆண் குழந்தை பிறந்து, இரண்டு நாள் இருந்து, முந்தின நாள்தான் புதைத்திருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தைலம்மாள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாள். மாயவன் பின்னால் தலைகுனிந்து நின்றார்.

"இந்த ஆளு மூணு நாளா போனு போட்டேன்றாரு. ரைஸ்மில்காரரு மூணு நாளாவா பேசிக்கினே இருப்பாரு?"

"நான்தான் தப்பா சொல்லிட்டேன்மா" என்றேன்.

"நீங்க அவருக்குப் பரிஞ்சி பேசறீங்க."

பாய் ரிசீவரை எடுத்துக் கொடுத்து, எதற்கும் ஒரே சத்தம்தான் வரும் என்று விளக்கினார். அவள் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "எல்லாத்துக்கும் ஒரே சத்தம்னா இவரு சொல்றது நெசமா பொய்யான்னு நான் எப்டிங்க கண்டுபுடிக்கறது?"

பாய் ரிசீவரை வாங்கி வைத்தார். அவர்கள் போனதும் என்னிடம், "அந்தம்மா கரெக்டாதான் கேக்குது மலர்விழி" என்றார். அவள் மாயவனோடுதான் வாழ்ந்தாள், சோறு போட்டாள். அந்த மூன்று நாளை மட்டும் அவள் நம்பவில்லை.

பாய் துறைத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதினார். சென்னை, பிறகு டெல்லி. பிறகு நாட்டுப் பிரதிநிதிகளில் ஒருவராக ஜெனீவா. ஆள் பேசிக்கொண்டிருந்தால் ஒன்று, வழி இல்லாவிட்டால் வேறு என்று பெரிய எக்ஸ்சேஞ்சுகள் இரண்டு சத்தம் தர வேண்டும் என்று விதி இருந்ததாம். சின்ன எக்ஸ்சேஞ்சுகளுக்கு விலக்கு. அந்த விலக்கை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கை தூக்கினார். இயந்திரம் செய்கிற கம்பெனிக்காரர்கள் வீண் வேலை என்றார்கள். 'இருக்க வேண்டும்' என்பதை 'இருந்தால் நலம்' என்று மாற்றினால் ஒத்துக்கொள்கிறோம் என்றார்கள். இவர் மாட்டேன் என்றார்.

இதற்கு நடுவில் விதி எழுதுகிற அந்த ஜெனீவா அமைப்பிலேயே அதிகாரி வேலைக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டார். அவர் மனைவி ஜெபீனா என்னைப் போனில் பிடித்து, "கேட்டீங்களா இந்தக் கூத்த? வந்த வேலைய வாணான்றாரு" என்று புலம்பினார். பாய் சொன்ன காரணம் இதுதான்: "ஆபீசராயிட்டா யாருக்காகவும் கட்சி பேசக்கூடாதுங்க. அந்த ஒரு வரி உள்ள போவட்டும், அப்பறம் வாய மூடிக்கிறேன்."

வரி உள்ளே போன கதையை அவர் சொல்லும்போதெல்லாம் அவரே முதலில் சிரித்துவிடுவார். அன்று மாயவன் கதையைச் சபையில் சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று தலைவர் கேட்க, இவர் மைக்கில் வாயாலேயே "பொய்ங்... பொய்ங்..." என்றிருக்கிறார். கண்ணாடிக் கூண்டுகளில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு கணம் திகைத்து, வேறு வழியில்லாமல் ஆறு மொழியிலும் "பொய்ங்" என்றிருக்கிறார்கள். சபை சிரித்து அடங்கியதும், "இப்ப சொல்லுங்க, நீங்க கேட்டது பேசிக்கினு இருக்கற சத்தமா, கம்பம் விழுந்த சத்தமா?" என்று இவர் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. ஆட்சேபணை உண்டா என்றார் தலைவர். அப்போதும் யாரும் திறக்கவில்லை. அங்கே அதற்குச் சம்மதம் என்று பொருள். மேசையைச் சுத்தியலால் ஒரு தட்டு. 'இருக்க வேண்டும்' அப்படியே நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் அதிகாரி வேலையில் சேர்ந்தார். சொன்னபடி பதினெட்டு வருஷம் யாருக்காகவும் கட்சி பேசவில்லை. மற்றவர்கள் எழுதிய விதிகளின் கமாக்களைச் சரிபார்த்தார்.

வெள்ளிமலையில் அந்த விதிப்படி புது எக்ஸ்சேஞ்ச் வந்த வருஷம் பாய் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். என்னையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறினார். வேடியப்பனுக்கு அப்போது அங்கேதான் வேலை. மலைக்கே திரும்பியிருந்த மாயவனும் தைலம்மாளும் வந்தார்கள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"போனுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றாள் அவள்.

பாய் முதலில், பேசிக்கொண்டிருந்த ஓர் எண்ணைப் போட்டுக் கொடுத்தார். நிதானமான பொய்ங்... பொய்ங்...

"இது அன்னிக்குக் கேட்டதுதான்" என்றாள்.

பிறகு கீழே போகிற லைனைக் கழற்றச் சொல்லி வேடியப்பனுக்குக் கை காட்டினார். மறுபடி போட்டார். இந்த முறை பொய்ங்பொய்ங்பொய்ங் என்று அவசரமாக, மூச்சு வாங்குவது போல.

தைலம்மாள் நெற்றியைச் சுருக்கினாள். "இது வேற."

"இதுக்கு வழி இல்லன்னு அர்த்தம்மா. அன்னிக்கு எங்ககிட்ட இந்தச் சத்தம் இல்ல."

"திரும்பப் போடுங்க."

இரண்டையும் மூன்று முறை கேட்டாள். பிறகு ரிசீவரை மாயவன் காதில் வைத்தாள்.

"இது கேட்டா இன்னா பண்ணுவ?"

மாயவன் ரிசீவரைக் காதோடு அழுத்திக் கேட்டார். "நடப்பேன்" என்றார்.

"ம்" என்று ரிசீவரை வாங்கி அவளே வைத்தாள். "நடந்திருப்பாரு" என்றாள், எங்களைப் பார்த்து.

நாங்கள் பஸ் ஏறும்போது மாயவன் ஒரு பெரிய பலாப்பழத்தைக் கொண்டுவந்து பாய் மடியில் வைத்தார். தைலம்மாள் ஜன்னல் பக்கம் வந்து, "வூட்டுல போய் எண்ணெ தடவி அறுங்க, பிசினு ஜாஸ்தி" என்றாள். வளைவுக்கு வளைவு அது உருளப் பார்த்தது. உலகத்துப் போன்களுக்கெல்லாம் விதி பார்த்த அந்த அதிகாரி, கள்ளக்குறிச்சி வரும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.