சாக்குக் குறி பதிந்த விண்ணப்பம்

என் தங்கை வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்ட தாள் ஒன்று மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பார்ப்பது அதன் பின்பக்கத்தை. சுவரைப் பார்த்திருக்கும் முன்பக்கத்தில், பத்தொன்பது வயதில் நான் எழுதிய வேலை விண்ணப்பம் இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் அதற்கு மரியாதை.

யுத்தகாலம். திருச்சியில் ஓர் அச்சகத்தின் சித்திரப் பிரிவில், லேபிளும் விளம்பரமும் வரையப் பழக ஓர் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. கிடைக்காவிட்டால் அப்பாவைப் போல நானும் வாத்தியாராக வேண்டியதுதான். என்னிடம் படிக்க நேர்ந்திருக்கக்கூடிய பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. எங்கள் ஊர் வரதராஜன்பேட்டையில் நல்ல காகிதம் அகப்படாமல், அப்பா அரியலூர் வரை போய் ஒரே ஒரு முழுத்தாள் கொண்டுவந்தார். அவர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினேன்.

தங்கைக்கு இங்கிலீஷ் தெரியாது. படித்து அர்த்தம் சொல்லச் சொன்னாள். அப்பாவின் உத்தியோகம், பங்குச்சாமியாரின் நற்சான்று, பள்ளிக்கூடத்து மார்க்கு, தாழ்மையான வணக்கம் எல்லாம் அதில் இருந்தன.

"நல்ல குடும்பம்னு தெரியுது. நீ என்ன செய்வேன்னு எங்கண்ணே இருக்கு?" என்றாள்.

நான் செய்தது ஊரறிந்த வேலை. கடலை மூட்டைகள் ரயிலுக்குப் போகும்போது யாருடையது என்று தெரிய வியாபாரிக்கு ஒரு குறி உண்டு. மண்ணெண்ணெய் டின் தகரத்தில் உருவம் வெட்டி, சாக்கின் மேல் வைத்து மை தடவுவோம். கதிர், சேவல், நங்கூரம், சக்கரம் நான்கும் நான் வெட்டியவை. மீன் மட்டும் தங்கை வெட்டியது. சாக்கில் குறி போட்டதையெல்லாம் பெரிய மனிதர்கள் பார்க்கும் தாளில் எழுதுவதா என்று அப்பாவுக்குக் கூச்சம். எனக்கும்தான்.

மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள், ஐந்து தகரத்தையும் வைத்துத் தாளின் பின்பக்கத்தில் மை தடவி முடித்திருந்தாள். நடுவில் மீன். என் பிழைப்பே போயிற்று என்று கத்தினேன். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வேறு தாள் இல்லை, நாளும் இல்லை. அதையே அனுப்பினோம்.

கூப்பிட்டார்கள். பிரிவின் தலைவர் தாளைக் குப்புறப் போட்டு வைத்திருந்தார். நான் இருந்தவரை திருப்பவே இல்லை. தகரத்தில் வெட்டும்போது உள்துண்டு விழாமலிருக்க அங்கங்கே இணைப்பு விட வேண்டும். என் சேவலில் அது வெட்டுக்காயம் மாதிரி தெரியும். மீனில் அந்த இணைப்புகளே செதிலாகியிருந்தன.

"இந்த மீன வெட்டுனது நீதானா?"

"ஆமாங்க" என்றேன்.

வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்து தங்கையிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அதத்தான் பாப்பாங்கன்னு தெரிஞ்சுதாண்ணே நடுவுல வச்சேன். நீ போயிட்டு வா."

ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். திறமையில்லாதவன் அத்தனை வருஷம் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது. என்னைப் பற்றி எனக்குக் குறைந்த எண்ணம் கிடையாது. ஆனால் கதவைத் திறந்தது மீன். அது என்னை ஒரு நாளும் விட்டதில்லை.

கடைசி நாளில் பழைய கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார்கள். நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். பேனாவை நீட்டி, மீனுக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். நிதானமாகப் போட்டாள். கண்ணாடி போடும்போது எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல அவங்க பாத்த பக்கந்தான்" என்றாள்.