ரூமுக்கு ரூம் எத்தனை எட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தார். பட்டாசுக் கம்பெனியில் என்னோடு ஒரே ரூமில் திரி வைக்கும் மதினி இருந்தாள். காலேஜில் கணக்கும் கம்ப்யூட்டரும் படிக்கும் மகள் இருந்தாள்.

புள்ளியும் கோடுமாக அவளுக்கு ஒரு பாடமாம். அதற்காக எங்கள் கம்பெனி ரூம்களைக் கம்ப்யூட்டரில் புள்ளிகளாக வைத்து, கிட்டக்கிட்ட இருப்பவற்றுக்குக் கோடு போட்டிருந்தாள். கம்பெனிக்குள் செல்போன் கூடாது. அதனால் ரூமுக்கு ரூம் எத்தனை எட்டு என்று, தண்ணீர் எடுக்கப் போவதுபோல் குடத்தோடு நடந்து, காலடிகளை எண்ணிச் சொன்னது நான்தான்.

"ஏதாவது ஒரு ரூமைத் தொடும்மா. அங்கன தீப்பிடிச்சா எங்கெல்லாம் போகும்னு காட்டும்" என்றாள்.

"நம்ம ரூமை விட்டுட்டுத் தொடு. நாளைக்கு வேலைக்குப் போகணும்ல" என்று மதினி சிரித்தாள்.

வேலி ஓரத்தில், எங்களுக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் வெடிமருந்து ரூமைத் தொட்டேன். புள்ளி சிவந்தது. சத்தமே இல்லை. அடுத்தடுத்த புள்ளிகளும் சிவந்துகொண்டே வந்து, எங்கள் ரூமும் சிவந்தது. மதினி சிரிக்கவில்லை.

"ஒரு புள்ளிக்கு எம்புட்டு நேரம்?" என்று அவர் கேட்டார்.

"ஒரு செகண்டுன்னு வச்சிருக்கேன்ப்பா."

வேலைக்கு உட்காருவதுபோல் மடியில் தட்டோடு தரையில் உட்கார்ந்தேன். "இன்னொரு தடவை தொடு" என்றேன். மகள் அதே ரூமைத் தொட்டதும் எழுந்து, வாசலைத் தாண்டித் தெருக்குழாய் வரை ஓடினேன்; கம்பெனியில் எங்கள் ரூமிலிருந்து தப்பி ஓட வேண்டிய தூரமும் அவ்வளவுதான். அவர் எண்ணினார்.

தீ எங்கள் ரூமுக்கு வர ஐந்து. நான் குழாய்க்குப் போக ஏழு.