திறந்திருந்த குழாய்

அவசர உதவி எண்ணுக்கு யார் அழைத்தாலும் எடுத்துப் பேசுகிறவள் அவள். இதயம் நின்று ஒருவர் விழுந்துவிட்டால், ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை, பக்கத்தில் இருப்பவரை நெஞ்சை அழுத்த வைக்க வேண்டும். வேகம் குறையக் கூடாது என்று போனிலேயே கூடச் சேர்ந்து எண்ணுவாள். அலுவலகத்தில் 'எண்ணக்கா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்காரர் அதற்கும் ஒரு படி மேலே. "தூக்கத்துலயும் எண்ணுறா. எப்போ என் நெஞ்சுல கை வைப்பாளோன்னு பயமா இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மானத்தை வாங்குவார்.

அழைப்பு வருகிற வீடுகள் எதையும் அவள் பார்த்ததில்லை. காதில் விழுவதை வைத்து மனசுக்குள் கட்டிக்கொள்வாள். பேச்சு எதிரொலித்தால் சாமான் குறைந்த அறை. மின்விசிறி முனகினால் பழைய வீடு. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்ததும் இணைப்பு போய்விடும். ஆள் பிழைத்தாரா என்று அப்புறம் யாரும் சொல்வதில்லை. வீடுகள் மட்டும் அவளோடு தங்கிவிடும். பேருந்தில் ஜன்னலோரம் கண் சொருகும்போது ஏதாவது ஒன்றுக்குள் போய் உலாவிவிட்டு வருவாள்.

அடிக்கடி போனது, குழாய் திறந்திருந்த வீட்டுக்கு. ஒரு மத்தியானம் அங்கிருந்து ஒரு பெண் பதறிப்போய்ப் பேசினாள்.

"வீட்டுக்காரர் விழுந்துட்டாருங்க. கூப்பிட்டா முழிக்கல. ஆனா குறட்டை விடுறாரு, மூச்சு இருக்குங்க!"

"அது மூச்சு இல்லம்மா. இதயம் நின்னாலும் அப்படித்தான் இழுக்கும். போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க."

"இருங்க, முகத்துல தெளிக்கத் தண்ணி..." குழாய் சீறியது.

"தண்ணி வேண்டாம்! போட்டது போட்டபடி ஓடி வாங்க. நெஞ்சு நடுவுல ஒரு கை மேல ஒரு கை வச்சு, பலமா அழுத்துங்க. என்னோட எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

"ஐயோ, மளுக்குன்னுச்சு! எலும்புங்க!"

"எலும்பு ஒட்டிக்கும். நிறுத்தாதீங்க. ஒண்ணு, ரெண்டு..."

ஆம்புலன்ஸ்காரர்களின் காலடிகள் கேட்டன. இணைப்பு போய்விட்டது. கடைசிவரை தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

அந்தத் தண்ணீர் அவளை விடவில்லை. பேருந்து ஜன்னலோரம் அது தரையெல்லாம் பரவி, நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு, கணுக்காலுக்குச் சில்லென்று ஏறும். குழாயை மூடப் போவாள். கை எட்டுவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். கீழே யாராவது கிடக்கிறாரா என்று மட்டும் பார்க்கவே மாட்டாள். பயம்தான். 'எலும்பு ஒட்டிக்கும் என்று சொன்னேனே, ஒட்டியதா?' இதைத் தெரிந்துகொள்ளாமல் நிம்மதி இல்லை என்றாகிவிட்டது.

ஒருநாள் திரைச்சீலைத் துணி வாங்கப் போனாள். கடைக்காரம்மா கத்தரிக்கோலோடு, "எத்தனை ஜன்னலுக்கு?" என்றாள்.

அவள் தன் வீட்டை மனசில் சுற்றிவந்து எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

கத்தரிக்கோல் நின்றது. "இன்னொரு தடவை எண்ணுங்க."

எண்ணினாள்.

"தண்ணி வேண்டாம்னு அதட்டினது நீங்கதானே?" கடைக்காரம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

கேட்க இருந்தது ஒரே கேள்வி. அழுகிறாளே, இந்த அழுகைக்கு என்ன அர்த்தம்? கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதே சீறல். வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

கடைக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஏங்க! வாளி ரொம்பி வழியுது, குழாயை மூடுங்க!"

குழாய் நின்றது.